குழந்தைகளோடு மல் தீவில் ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கிளாஸ்கோவுக்குக் குடிவந்த முதல் கோடையில், எட்டு நாளில் நான்கு தீவுகளைப் பார்த்துவிடுவது என்று பட்டியல் போட்டுக் கிளம்பினோம். அந்த எட்டு நாளில் பெரும்பகுதி கப்பல் வரிசையிலும் காருக்குள்ளும் கழிந்தது. சின்னவன் வளைவுச் சாலைகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மணலில் உட்கார்ந்து விளையாடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பெரியவளை "கிளம்பு, கிளம்பு" என்று இழுத்து வந்தோம். அவள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு ஒரே தீவு, ஒரே வீடு, ஏழு இரவு என்று முடிவு செய்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மல் தீவுக்குப் போனோம். அதன் பிறகு இன்னும் இரண்டு முறை போய்விட்டோம். முதல்முறை போகும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தீவு

ஸ்காட்லாந்துக்கு 700-க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. ஆள் குடியிருப்பவை சுமார் நூறு. ஸ்கை தீவுக்குப் பாலம் இருப்பதால் கோடையில் கூட்டம் அதிகம். அரான் தீவு கிளாஸ்கோவுக்கு அருகில் இருக்கிறது, இரண்டு நாள் பயணத்துக்கு அது நல்லது. குழந்தைகளோடு ஒரு வாரம் தங்க என்னைக் கேட்டால் மல் என்றுதான் சொல்வேன். வண்ண வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் துறைமுக ஊர், கடலை நோக்கி நிற்கும் கோட்டை, வெள்ளை மணல் கடற்கரை, கழுகு, நீர்நாய், திமிங்கலம், கைக்கெட்டும் தூரத்தில் பஃபின் பறவைகள் எல்லாம் இந்த ஒரு தீவிலும் அதை ஒட்டிய குட்டித் தீவுகளிலும் கிடைக்கின்றன. கப்பல் பயணமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

வரைபடத்தில் பார்த்துச் சின்னத் தீவு என்று நினைத்துவிட வேண்டாம். பரப்பு சுமார் 875 சதுர கிலோமீட்டர். கடல் உள்ளே உள்ளே புகுந்து வெட்டியிருப்பதால் கடற்கரை நீளம் மட்டும் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். அங்கே குடியிருப்பவர்களோ சுமார் 3,000 பேர்தான்.

எப்போது போகலாம்

மே மாதக் கடைசி வாரம். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அப்போது அரைப்பருவ விடுமுறை வரும். பஃபின்கள் வந்திருக்கும், ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருக்கும், பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் பூச்சித் தொல்லை இன்னும் உச்சத்துக்குப் போயிருக்காது. மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் மழை ஒப்பீட்டளவில் குறைவு.

அந்த வாரம் முடியாவிட்டால்? ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கின்றன. இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலை பிற்பகுதியில் மூடி செப்டம்பரில் திறக்கின்றன. லண்டன் பக்கம் இருக்கும் குடும்பங்களுக்கு ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம் கிடைக்கும்; அப்போது ஸ்காட்லாந்துக் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள், கூட்டம் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பஃபின்கள் நடுக்கடலுக்குப் போய்விடும். பஃபினுக்காகவே போகிறீர்கள் என்றால் ஜூலை நடுவைத் தாண்ட வேண்டாம்.

எந்த மாதமானாலும் வெயிலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஜூலையிலும் பகல் வெப்பம் 16, 17 டிகிரிதான். ஒரே நாளில் மழை, வெயில், காற்று, மறுபடி மழை என்று எல்லாம் வரும்.

கப்பலும் வீடும் ஒரே நாளில்

முதல்முறை போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வீட்டை ஜனவரியில் பிடித்துவிட்டு, காருக்கான கப்பல் சீட்டை மே மாதம் தேடுவார்கள். அதற்குள் சனிக்கிழமைக் கப்பல்களில் காருக்கு இடம் தீர்ந்திருக்கும். தீவு வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுகின்றன. அதனால் எல்லோரும் அதே நாளில் போகிறார்கள், அதே நாளில் திரும்புகிறார்கள். வீட்டுக்காரரிடம் பேசி உறுதி செய்த அதே நாளில் கப்பலையும் பதிவு செய்யுங்கள். அந்த ஆண்டுக்கான கப்பல் பதிவு இன்னும் திறக்கவில்லை என்றால், திறக்கும் நாளைக் குறித்து வைத்து அன்று காலையிலேயே உட்காருங்கள். வெள்ளி அல்லது திங்களில் தொடங்கும் வீடு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மல் தீவுக்கு மூன்று வழிகள். மூன்றையும் நடத்துவது கால்மேக் நிறுவனம்தான்.

ஓபன் ஊரிலிருந்து கிரெய்க்னியூருக்குப் போவது பெரிய கப்பல். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பெரும்பாலோர் போவது இதில்தான். காருக்கு முன்பதிவு இல்லாமல் கோடையில் இதை நம்பக் கூடாது. கார் இல்லாமல் நடந்து ஏறுகிறவர்களுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை.

லாக்அலைன் என்ற இடத்திலிருந்து ஃபிஷ்னிஷுக்குச் சின்னப் படகு, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். பெரிய கப்பலில் இடம் கிடைக்காதவர்களுக்கு இது கைகொடுக்கும். லாக்அலைனுக்குப் போய்ச் சேர்வதே நீண்ட சுற்று என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கில்கோவன் முதல் டோபர்மோரி வரை. வடக்கே ஆர்ட்னமர்கன் பக்கம் தங்கிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

பதிவு செய்யும்போது காரின் எண், நீளம் இரண்டும் கேட்பார்கள். கூரையில் பெட்டி கட்டினால் உயரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்தால் துறையில் நிறுத்தி வைப்பார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை, ஐந்து முதல் பதினைந்து வரை பாதிக் கட்டணம். புறப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன் வரிசையில் நிற்க வேண்டும் என்பது சீட்டிலேயே இருக்கும். அந்த நேரத்துக்கு மேல் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வரவே அது வேண்டும்.

காற்று பலமாக அடித்தாலோ கப்பலில் பழுது வந்தாலோ புறப்பாடு ரத்தாகும். அது தீவு வாழ்க்கையின் ஒரு பகுதி. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்படி பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும் அன்றே லண்டன் விமானத்தைப் பிடிப்பது என்று ஒருபோதும் திட்டமிட வேண்டாம். நடுவில் ஓர் இரவு இருக்கட்டும்.

ஓபன் வரை போய்ச் சேர்வது

கிளாஸ்கோவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். லாக் லோமண்ட் ஏரிக்கரையை ஒட்டிய சாலை அழகானது, ஆனால் வளைவு நெளிவானது. வாந்தி வரும் குழந்தைக்கு மாத்திரையைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறக்குறைய 500 மைல். அதை ஒரே நாளில் ஓட்டிவிட்டு மாலைக் கப்பலைப் பிடிப்பது ஆபத்து. கிளாஸ்கோவிலோ அதற்கு முன்போ ஓர் இரவு தங்குங்கள்.

ரயிலில் வந்தால் கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தத் தடத்தில் சில ரயில்கள் கிரியன்லாரிக் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓபனுக்கும் மறு பாதி ஃபோர்ட் வில்லியம் பக்கமும் போகும். ஏறும்போதே எந்தப் பெட்டி ஓபனுக்கு என்று கேட்டு உட்காருங்கள். ஓபன் நிலையமும் கப்பல் துறையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போகலாம். தீவில் கிரெய்க்னியூரிலிருந்து டோபர்மோரிக்கும், மறுபக்கம் ஃபினஃபோர்ட்டுக்கும் பேருந்து உண்டு. கார் இல்லாமல் போகிற குடும்பம் டோபர்மோரியில் தங்குவது நல்லது.

ஓபனில் டெஸ்கோ இருக்கிறது. பால், அரிசி, காய்கறி, டயப்பர் என்று வாரத்துக்கு வேண்டிய கனமான சாமான்களை அங்கேயே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.

கப்பல் ஏறியதும் காரை விட்டு மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். நடுவில் காருக்குத் திரும்ப விடமாட்டார்கள். மழைக்கோட்டு, தண்ணீர், தின்பண்டம், குழந்தையின் பையை இறங்கும்போதே கையில் எடுங்கள். பாதி வழியில் வலப்பக்கம் லிஸ்மோர் கலங்கரை விளக்கம் தெரியும், அதைத் தாண்டியதும் இடப்பக்கம் பாறைமுனையில் டூவர்ட் கோட்டை. மெக்லீன் குலத்தாரின் கோட்டை அது; இடிந்து கிடந்ததை 1911-ல் குலத்தலைவர் ஃபிட்ஸ்ராய் மெக்லீன் மீட்டு எடுத்துக் கட்டினார். குழந்தைகளை அந்த நேரம் வெளித்தளத்துக்கு அழைத்து வாருங்கள். தீவு தொடங்குவது அவர்களுக்கு அங்கிருந்துதான்.

எங்கே தங்குவது

வடக்கே டோபர்மோரி, தென்மேற்கு மூலையில் ஃபினஃபோர்ட். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். சிறு குழந்தைகள் இருந்தால் கடை, மருந்தகம், விளையாட இடம் எல்லாம் உள்ள டோபர்மோரி. கடற்கரைதான் வேண்டும் என்றால் புனெசன், ஃபினஃபோர்ட் பக்கம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சாலனைச் சொல்வேன். தீவின் ஒடுங்கிய இடுப்பில் இருக்கும் சிற்றூர் அது. எந்தப் பக்கம் போனாலும் தூரம் தாங்கும்.

பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வைஃபை இருக்கிறதா, துணி உலர்த்த வழி உண்டா, வீட்டு வாசலுக்குக் கார் போகுமா. ஈரத் துணியோடு ஒரு வாரம் இருப்பது குழந்தைகளை நோயில் தள்ளிவிடும். பல வீடுகளில் ஊற்று அல்லது ஓடைத் தண்ணீரை வடிகட்டித் தருகிறார்கள். கரிமண் நிலத்தின் வழியே வருவதால் குழாயில் தேநீர் நிறமாக வரலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. குடிப்பதற்கு எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீர் தொட்டிக்குப் போகும் வீடுகள் இவை, ஈரத்துடைப்பான்களைக் கழிப்பறையில் போடக் கூடாது.

சாலையில்

மல் தீவில் ஓட்டுவதுதான் புதியவர்களுக்கு உண்மையான சோதனை. பெரும்பாலான சாலைகளில் ஒரு கார் மட்டும் போகும் அகலம்தான். எதிரும் புதிரும் வருகிற வண்டிகள் அதே தார்ப்பட்டையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்காகச் சற்று தூரத்துக்கு ஓர் இடத்தில் சாலையைப் புடைக்க வைத்து 'பாசிங் பிளேஸ்' என்று பலகை நட்டிருப்பார்கள்.

முறை இது. தூரத்தில் வண்டி வருவது தெரிந்ததும் உங்களுக்கு அருகில் இருக்கும் ஒதுங்குமிடத்தைப் பாருங்கள். அது இடப்பக்கம் இருந்தால் உள்ளே நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போய் அதற்குள் நுழையாதீர்கள். அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் அந்த இடத்துக்குள் சுற்றிப் போவார். யார் முதலில் ஒதுங்குகிறாரோ அவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்வது இங்குள்ள பழக்கம். மறக்காமல் செய்யுங்கள், பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் உற்சாகமாகக் கை காட்டுவார்கள்.

பின்னால் ஒரு வண்டி ஒட்டி வந்தால் அடுத்த ஒதுங்குமிடத்தில் விலகி முன்னே விடுங்கள். உங்களுக்கு விடுமுறை; பின்னால் வருகிறவர் மருத்துவரைப் பார்க்கவோ கப்பலைப் பிடிக்கவோ போகும் தீவுக்காரராக இருக்கலாம். கழுகைப் பார்த்துவிட்டோம் என்று ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்குவது அங்கே மிகவும் கோபப்படுத்தும் செயல். கோபம் நியாயமானதும்கூட: அந்த ஓர் இடம் அடைபட்டால் இரண்டு பக்கமும் வண்டிகள் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

வரைபடச் செயலி சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். கிரெய்க்னியூரிலிருந்து ஃபினஃபோர்ட் 35 மைலுக்கு மேல்; ஒன்றே கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகள் சாலை நடுவில் படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறு பக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும், நின்றுவிட்டுப் போங்கள். பெட்ரோல் நிலையங்கள் மிகக் குறைவு. பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கினால் நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் கைப்பேசி இணைப்பு இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுக்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாடு

டோபர்மோரியில் கோ-ஆப் கடை உண்டு. சாலன், கிரெய்க்னியூர், புனெசன் ஊர்களில் சின்னக் கடைகள். பால், ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு கிடைக்கும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், உளுந்து எதையும் அங்கே தேட வேண்டாம். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, ஒரு சின்ன டப்பா தாளிப்புச் சாமான், வீட்டில் இருக்கும் சிறிய குக்கர். இவை கையில் இருந்தால் ஒரு வாரத்தை நிம்மதியாக ஓட்டலாம். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். கடுகு வெடித்த புகையில் புகை மணி அலறி, தூங்கும் குழந்தை எழுந்துவிடும். சுற்றிப் பார்க்கப் போகும் நாட்களில் புளிசாதமோ சப்பாத்திச் சுருளோ கட்டிக்கொண்டு போங்கள். தீவின் தென்பகுதியில் மதியச் சாப்பாட்டுக்குக் கடை கிடைக்கும் என்று நம்பிப் போனால் பசியோடு திரும்ப வேண்டியிருக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் டோபர்மோரி துறையில் நிற்கும் வண்டிக்கடையில் மீனும் உருளை வறுவலும் வாங்கிக் கல்திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கடல்காகங்களிடமிருந்து தட்டைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. தீவிலேயே செய்யும் பாலாடைக்கட்டியும் மிக நன்றாக இருக்கும்.

ஒரு நாளுக்கு ஓர் இடம்

ஏழு இரவு தங்கினால் முழுதாகக் கிடைப்பது ஆறு நாள். அதில் நான்குக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மிச்சம் இரண்டை வானிலைக்கு விட்டுவிடுங்கள். முதல் முழுநாளை டோபர்மோரிக்குக் கொடுத்தால் குழந்தைகளின் பயணக் களைப்பு தெளியும்.

டோபர்மோரி 1788-ல் மீன்பிடித் துறைமுகமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். பெயர் கேலிக் மொழியில் மரியாளின் கிணறு என்று பொருள்படும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வளைகுடாவைச் சுற்றி நிற்கும் வீடுகளைப் பின்னணியாக வைத்து பிபிசி ஒரு சிறுவர் தொடரைப் படமாக்கியது. பிரிட்டனில் பிறந்து வளர்ந்த குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். துறைமுகத்தில் உள்ள சின்ன மீன்காட்சியகத்தில் பிடித்த உயிர்களைச் சில வாரம் மட்டும் வைத்திருந்து மறுபடி கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். நட்சத்திரமீனைத் தொட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. பக்கத்தில் திமிங்கலம், டால்ஃபின் பற்றிய சிறு காட்சிக்கூடமும் உண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு கரையோரப் பாதையில் ரூவ நன் கால் கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம். பாதையின் ஒரு பக்கம் சரிவு, தள்ளுவண்டி போகாது, சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடம் அயோனா. ஃபினஃபோர்ட்டில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடப் படகு. வெளியார் கார்களுக்கு அந்தத் தீவில் அனுமதி இல்லை, அதனால்தான் குழந்தைகளை அங்கே பயமில்லாமல் ஓட விடலாம். படகு ஏறும் சரிவில் அலை வந்து காலை நனைக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுவிடுங்கள். 563-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து பன்னிரண்டு துணைவர்களோடு வந்த புனித கொலும்பா இங்கே மடம் அமைத்தார். வட பிரித்தானியாவில் கிறிஸ்தவம் பரவியதில் இந்தச் சிறு தீவுக்குப் பெரிய பங்கு உண்டு. மடத்தின் முன்னால் 1,200 ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற இடத்திலேயே நிற்கும் புனித மார்ட்டின் சிலுவையைக் குழந்தைகளோடு சுற்றி வந்து, கல்லில் செதுக்கிய பாம்புகளையும் உருவங்களையும் தேடச் சொல்லுங்கள். மடத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் இன்னும் அரை மணி நேரம் வடக்கே நடங்கள். வெள்ளை மணலும் பச்சைநீலக் கடலும், எதிரே மல் தீவின் மலைகளுமாக ஒரு கடற்கரை வரும். எங்கள் பிள்ளைகள் மூன்று பயணத்திலும் முதலில் கேட்டது அதைத்தான். மே, ஜூன் மாதங்களில் புல்வெளிக்குள் சீப்பை நகத்தால் கீறுவதுபோல் ஓர் ஓசை கேட்டால் அது கார்ன்கிரேக் பறவை. கேட்கும், கண்ணில் படாது.

மூன்றாவது ஸ்டாஃபா. இதற்குக் கடல் அமைதியான நாள் வேண்டும். ஃபினஃபோர்ட், அயோனா, உல்வா துறை, டோபர்மோரி ஆகிய இடங்களிலிருந்து தனியார் படகுகள் போகின்றன. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது வெடித்து வெடித்து அறுகோணத் தூண்களாகப் பிரிந்தது. யாரோ உளி வைத்துச் செதுக்கிய மண்டபம்போல் அந்தத் தூண்கள் கடலிலிருந்து எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஃபிங்கல் குகை. அலை உள்ளே போய் மோதித் திரும்பும் ஓசை தூண்களில் எதிரொலிக்கும். 1829-ல் ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன் இங்கே வந்தார். ஹெப்ரிடீஸ் என்ற இந்தத் தீவுக்கூட்டத்துக்கு அவர் வந்த பயணத்திலிருந்து பிறந்த இசை இன்றும் அரங்குகளில் ஒலிக்கிறது. குகைக்குப் போகும் பாதை உடைந்த தூண்களின் தலைமேல் போகிறது, வழுக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் என்ற கணக்கில் போங்கள்.

தீவில் இறக்கிவிட்டுச் சுமார் ஒரு மணி நேரம் தருவார்கள். எல்லோரும் முதலில் குகைக்கு ஓடுவார்கள். பஃபின் காலத்தில் நீங்கள் அதற்கு மாறாகப் படியேறி மேலே போய், பாறை விளிம்புக்குச் சற்றுத் தள்ளி அமைதியாக உட்காருங்கள். மனிதர் அருகில் இருந்தால் பெரிய கடல்காகங்கள் அண்டாது என்பதால் பஃபின்கள் தாமாகவே நம் பக்கம் வந்து இறங்கும். சிவப்பு அலகோடு ஒரு பறவை உங்கள் மகளிடமிருந்து நான்கு அடி தூரத்தில் நின்று அவளைத் தலைசாய்த்துப் பார்க்கும். அந்த நேரத்தில் பெரியவர்களும் பேச மறந்துவிடுவார்கள். அலை பெரிதாக இருந்தால் படகு கரையணையாது, சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதைக் குழந்தைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.

நான்காவது கால்கரி கடற்கரை. கனடாவின் பெரிய நகரத்துக்குப் பெயர் கொடுத்த இடம் இது. வாளி, மண்வெட்டி, மாற்றுத் துணி, வேறு திட்டம் எதுவும் வேண்டாம். கடல் கோடையிலும் 13, 14 டிகிரிதான். நீச்சலுடை மட்டும் போட்டுக் குழந்தைகளை இறக்கினால் ஐந்து நிமிடத்தில் உதடு நீலமாகும், வெட்சூட் வாங்கியோ வாடகைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச நாட்களில் லாக் நா கீல் கடற்கழிமுகத்தை ஒட்டி மெல்ல ஓட்டிப் போங்கள். வெண்வால் கடல்கழுகு பிரித்தானியாவிலிருந்தே அழிந்துபோன பறவை. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். பத்து ஆண்டு பொறுத்து, 1985-ல் மல் தீவில்தான் முதல் குஞ்சு வெற்றிகரமாகப் பறந்தது. சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கும் மேல். நீர்நாயைப் பார்க்க வேண்டுமானால் கடற்பாசிக் கரையில் அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். எங்கள் சின்னவன் ஐந்து வயதில் அதைச் செய்தான். ஒரு தொலைநோக்கியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

அதே பக்கம், சாலனுக்கு அருகே குருலின் என்ற இடத்தில், லாக்லன் மெக்வாரியின் கல்லறை இருக்கிறது. பக்கத்துத் தீவான உல்வாவில் பிறந்தவர், நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராக இருந்தவர். கல்வெட்டு அவரை ஆஸ்திரேலியாவின் தந்தை என்கிறது. அதற்கு முன் பிரிட்டிஷ் படையில் 1796-ல் கொழும்பைக் கைப்பற்றியபோதும் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபோதும் இருந்தவர். இந்த மழைத் தீவின் வயல்வெளியில் நின்று அந்தப் பெயர்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது.

பூச்சி, உண்ணி, உடை

மிட்ஜ் என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய கடிக்கும் பூச்சி. ஒன்று கடித்தால் ஒன்றுமில்லை, கூட்டமாக வரும். மே கடைசி முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையிலும் அந்தியிலும் அதிகம். மணிக்கு ஏழு மைலுக்கு மேல் காற்று வீசினால் அவற்றால் பறக்க முடியாது. அதனால் மாலையில் கடற்கரைப் பக்கம் போங்கள், மரத்தடிக்குப் போக வேண்டாம். ஸ்மிட்ஜ் என்ற பூச்சு எல்லா உள்ளூர்க் கடையிலும் கிடைக்கும். தலையை மூடும் வலை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள்.

உண்ணிதான் கூடுதல் கவனம் கேட்பது. உயரமான புல்லிலும் பெரணிச் செடிகளிலும் இருக்கும். லைம் நோயைப் பரப்பக்கூடியது. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். தினமும் இரவு குளிக்க வைக்கும்போது முழங்காலின் பின்பக்கம், அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமயிரின் விளிம்பு எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயோ நெருப்போ வேண்டாம். உண்ணி எடுக்கும் கொக்கியாலோ நுனி கூர்ந்த இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து நசுக்காமல் எடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினால், பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் அது தெரியும், மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிக் காட்டுங்கள். நம் நிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தீவின் மருத்துவமனை கிரெய்க்னியூரில் இருக்கிறது. அவசரமில்லாத ஆலோசனைக்கு 111, அவசரத்துக்கு 999.

உடையில் பணம் செலவழிக்க வேண்டியது ஒன்றில்தான்: நீர்புகாத மேலங்கியும் காற்சட்டையும். குடை அங்கே ஒரு நிமிடம் தாங்காது. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருந்தால்

தாராளமாக அழைத்துப் போங்கள். அயோனாவில் மடம் வரை நல்ல சாலை, பத்துப் பதினைந்து நிமிட நடை; டோபர்மோரி துறைமுக வீதி சமதளம். ஸ்டாஃபாவில் படகிலிருந்து பாறைக்குக் கால் வைக்க வேண்டும், செங்குத்தான படிகள் வேறு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம், படகிலேயே இருந்து பார்க்கலாம். மே மாதத்திலும் அவர்களுக்குக் குளிரும். கம்பளிக் குல்லாவும் வெந்நீர்க் குடுவையும் காரில் எப்போதும் இருக்கட்டும். வீடு பிடிக்கும்போது தரைத்தளத்தில் ஓர் படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கல்வீடுகளில் மாடிப்படி ஏணிபோல் இருக்கும்.

திரும்பும் நாள்

வீட்டைக் காலை பத்து மணிக்குள் ஒப்படைக்கச் சொல்வார்கள், கப்பல் மதியமாக இருக்கும். அந்த இடைவெளிக்கு டூவர்ட் கோட்டையை வைத்துக்கொள்ளுங்கள்; கிரெய்க்னியூருக்குப் பக்கத்தில்தான், தேநீர்க்கடையும் உண்டு. முந்தைய இரவே கப்பல் நிலவரத்தைப் பாருங்கள். குப்பையைத் தரம் பிரித்து அந்தந்தத் தொட்டியில் போடுங்கள், அங்கிருந்து குப்பையும் கப்பலேறித்தான் போக வேண்டும். குழந்தைகள் சேர்த்த கூழாங்கற்களிலும் கிளிஞ்சல்களிலும் ஆளுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வரிசையில் நிற்கும் முன் கரையில் போட்டுவிடச் சொல்லுங்கள். எங்கள் மகள் அதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வாள், அதையும் நேரக் கணக்கில் சேர்த்திருக்கிறோம்.